நெசவு தெரியத் தேய்த்தவன்

அந்த மழைக் காலையில் செவிலிமேட்டுக் கொட்டகைக்குள் இருந்தவர்கள்: விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற கலியாணசுந்தரம். அவரிடம் ஃபைபர் வேலைக்கு வந்திருந்த சிம்ரன். அப்புறம், கலியாணசுந்தரம் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்த, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். விமானத்தை ஆளாகக் கணக்கில் சேர்க்கக்கூடாதுதான். ஆனால் அந்தக் கொட்டகையில் மரியாதை அதிகம் அதற்குத்தான். மின்விசிறிகூட அதன் பக்கம்தான் திரும்பியிருந்தது.

நான்காவதாக வந்தவன் ஜெயக்குமார். அவனை யாரும் கூப்பிடவில்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த கம்பெனி பஸ் அவனைச் சாலையில் இறக்கிவிட்டுப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட தகரக் கூரையை நோக்கி ஓடினான். கதவு தெரிந்தது. தள்ளினான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த காற்றும் மழையும் அவனோடு சேர்ந்தே உள்ளே நுழைந்தன.

"உள்ள வரியா, வெளிய போறியா... ஒண்ணு பண்ணு. மொதல்ல கதவச் சாத்து."

குரல் ஒரு முகமூடிக்குள்ளிருந்து வந்தது. தலையில் துணி, கையில் உறை, உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. தெரிந்தது இரண்டு கண்கள் மட்டும். இமை முடிகளில்கூடத் தூசி படிந்திருந்தது... பனி விழுந்த புல் போல. அந்த வெள்ளைக்கு நடுவே அத்தனை கருப்பான, அத்தனை கோபமான கண்களை ஜெயக்குமார் அதுவரை பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். கதவு திறந்தே கிடந்தது.

அவள் அவனைத் தாண்டிப் போய்ச் சாத்தினாள்.

"போச்சு," என்றாள். "ரெசின் ஊத்தி அரை மணிநேரம் ஆவல. ஈரக்காத்து பட்டுச்சு. மேல வெண்ணெ மாதிரி ஆடை கட்டும். கழுவணும், காய வெக்கணும், மறுபடியும் தேய்க்கணும்."

"சாரிங்க. எவ்ளோ நேரம் ஆவும்?"

"நீ கதவத் தொறந்துக்கினு நின்ன நேரத்த வுடக் கொஞ்சம் கூட."

விமானத்துக்கு அடியிலிருந்து கலியாணசுந்தரம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "யாருப்பா நீ?"

"ஜெயக்குமார் சார். பட்டுத் தறி போட்டிருக்காரே பஞ்சாட்சரம், அவுரு பையன்."

"பஞ்சாட்சரம் பையனா? என் பொண்ணு கல்யாணப் பொடவ அவுரு நெய்ஞ்சதுதான்."

"நான் கெடுத்தத நானே வந்து தேச்சுக் குடுக்குறேன் சார்."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டான். யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு கண்கள். அவ்வளவுதான்.

ஜெயக்குமார் தொடங்கி முடித்த காரியம் என்று எதுவும் கிடையாது. இன்ஜினியரிங் பாதியில் நின்றது. தறியில் உட்கார்ந்தான், கால் மரத்துப்போகிறது என்று எழுந்தான். இப்போது ராத்திரியில் ஏதோ ஒரு மெஷினுக்கு முன்னால் நின்று, அது துப்புகிற பாகங்களை எடுத்து அடுக்குகிறான். பஞ்சாட்சரம் அவனைத் திட்டுவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. திட்டுவதற்குக்கூடக் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும்.

ஷிஃப்ட் முடிந்து மற்றவர்கள் தூங்கப் போகும் நேரத்தில் அவன் கொட்டகைக்குப் போனான். வெயில் ஏறும்வரை தேய்த்தான். உப்புத்தாள் சுற்றிய நீளப் பலகையை அவன் கையில் கொடுத்துவிட்டு, சிம்ரன் பக்கத்தில் நின்று தேய்த்தாள்.

"நேரா இழுக்காத. பலகையக் குறுக்கால சாய்ச்சு இழு... அப்புறம் எதிர்ப்பக்கம் சாய்ச்சு. அமுக்காத. உப்புத்தாள் அது வேலைய அதுவே செய்யும்."

இறக்கையின் மேல் ரெசினில் வெள்ளைப் பொடி கலந்த பட்டி பூசியிருந்தது. அதன்மேல் அவள் பென்சிலால் கோடுகள் கிழித்து வைப்பாள். மேடு இருக்கிற இடத்தில் கோடு முதலில் அழியும், பள்ளத்தில் கடைசியில் அழியும். "கோடு அழிஞ்சா நிறுத்திடு," என்பாள். அதற்கு மேலும் தேய்த்தால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருந்ததால் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

"உன் பேரு நெஜமாவே சிம்ரனா?"

"ஆதார்ல அப்பிடித்தான் இருக்குது. தங்கச்சி பேரு திரிஷா. எங்கப்பா சினிமா தியேட்டர்ல டிக்கெட் கிழிச்சாரு. வேற சந்தேகம் இருக்குதா?"

"ஒண்ணு இருக்குது. முகமூடியக் கழட்டுனாத்தான் தீரும்."

"என்ன?"

"பேரு பொருந்துதான்னு..."

"பலகைய இழுப்பா. உனக்குக் கண்ணு வேல செஞ்சா கை நின்னுபோவுது."

அந்தக் கண்களின் ஓரம் சுருங்கியது. முகமூடிக்குப் பின்னால் அவள் சிரிக்கிறாள் என்பதை அவன் அப்படித்தான் கண்டுபிடித்தான். அன்று ராத்திரி முழுக்க மெஷின் துப்பிய பாகமெல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்தது.

அவளுக்கு ஊர் கூரம், காலனித் தெரு. அம்மா கங்கையம்மாள் ஊரார் நிலத்தில் நாற்று நட்டு இவளை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள். படித்து முடித்ததும் சிம்ரன் ஒரு ஃபைபர் பட்டறையில் தண்ணீர்த் தொட்டியும் பஸ் பம்பரும் தேய்த்தாள். வேலை நன்றாக முடிந்தால், விமான பாகங்கள் செய்கிற கம்பெனியில் தனக்குத் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்வதாகக் கலியாணசுந்தரம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கூரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள்.

"தொட்டி தேச்சுத் தேச்சே கை தேஞ்சுடும்போல," என்றாள் ஒருநாள். "பறக்குற ஒண்ணத் தேய்க்கணும்பா. அப்புறம் தேஞ்சா தேயட்டும்."

கிளம்பும்போது தவறாமல் ஒன்று சொல்வாள். "மொதல்ல பச்சத்தண்ணில கழுவு. சுடுதண்ணி ஊத்துன, ஃபைபர்ல இருக்குற கண்ணாடி ஊசியெல்லாம் தோலுக்குள்ள போய் உக்காந்துக்கும். ராவெல்லாம் அரிக்கும்."

வீட்டில் ஜெயக்குமார் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னான். இறக்கை வேலையே தன்னை நம்பித்தான் இருக்கிறது என்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்த பஞ்சாட்சரத்தின் கை ஒரு நொடி நின்றது. மகனுக்கு அது போதுமாக இருந்தது.

*

கெட்டது நடந்த அன்று வானம் வெளுத்திருந்தது. இறக்கையைச் சிம்ரன் பொறுப்பில் விட்டுவிட்டுக் கலியாணசுந்தரம் மின்சார ஆபீசுக்குப் போயிருந்தார். உப்புத்தாள் தீர்ந்துபோய், வாங்கிவர சிம்ரன் டவுனுக்குக் கிளம்பினாள்.

"கோடு அழிஞ்சா நிறுத்திடு," என்றாள் கதவைச் சாத்தும்போது.

கோடு அழிந்தது. பலகையைத் தூக்கப் போனவன் அப்படியே குனிந்து பார்த்தான். பட்டிக்கு அடியில் மங்கலாக ஏதோ தெரிந்தது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான். ஊடும் பாவும்... கண்ணாடி இழையில் நெய்த துணி. அத்தனை நெருக்கம், அத்தனை ஒழுங்கு. ஈரத் துணியால் துடைத்தபோது பளபளவென்று மின்னியது.

அவன் தறி வீட்டுப் பிள்ளை. புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெசவு நெருக்கமாகத் தெரிந்தால் "நல்லா வந்திருக்குது" என்று சொல்கிற வீடு அது. இதைத்தான் இத்தனை நாள் பட்டி மூடி மறைத்திருக்கிறதா என்று அவனுக்குத் தோன்றியது. அவள் வந்து பார்த்தால் அந்தக் கண்ணோரம் சுருங்கும்... அமுக்கித் தேய்த்தான். ஒரு முழத்துக்கு நெசவு பளிச்சென்று வெளியே வந்தது. தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைச் சரியாக முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கைகளைத் தட்டினான்.

கதவு திறந்தது. கலியாணசுந்தரம். அவருக்குப் பின்னால், வெள்ளை வேட்டியில் பஞ்சாட்சரம்.

"வழியில பாத்தேன். பையன் இங்க ஒத்தாசை பண்றதப் பாருங்கன்னு கூட்டியாந்தேன்," என்றபடி வந்தவர் இறக்கைக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்தார். விரலால் தடவினார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"துணிய அறுத்துட்டாங்களே."

"என்ன சார்?" என்றார் பஞ்சாட்சரம்.

"இந்தத் துணிதாங்க இறக்கைக்கு எலும்பு. மேல இருக்கறது வெறும் பூச்சு. நெசவு வெளிய தெரியுதுன்னா இழை தேஞ்சு அறுந்துபோச்சுன்னு அர்த்தம். இதுக்கு மேல பெயிண்ட அடிச்சு, நான் ஏறி உக்காந்து..."

ஜெயக்குமார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். சொல்லியிருக்கலாம். அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். நான்.

அப்போதுதான் சிம்ரன் வந்தாள், கையில் உப்புத்தாள் சுருளோடு. வண்டிப் புழுதிக்காக வழியெல்லாம் அவள் முகமூடியைக் கழற்றுவதில்லை.

"என்னம்மா இது?" என்றார் கலியாணசுந்தரம். "உன்ன நம்பித்தானே வுட்டேன்."

அவள் இறக்கையைப் பார்த்தாள். பிறகு ஜெயக்குமாரைப் பார்த்தாள்.

வரும் வழியிலேயே அவள் எந்தத் தெரு என்று விசாரித்திருந்த பஞ்சாட்சரம் தலையை ஆட்டினார். "இவங்க கையில இந்த மாதிரி வேலையக் குடுத்தா இப்பிடித்தான் சார் ஆவும். என் பையன்கிட்ட மொத்தமா வுட்டிருந்தாப் பாத்து செஞ்சிருப்பான்."

இவங்க. யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சிம்ரன் முகமூடியைக் கழற்றினாள்.

அந்த முகத்தைப் பார்க்க ஜெயக்குமார் எத்தனை காலையில் தூக்கத்தை விட்டு ஓடிவந்திருக்கிறான். இப்போது தெரிந்தது. கன்னத்தில் ரப்பர் பதிந்த கோடு. மேலுதட்டில் வேர்வை. பேர் பொருந்தியது... நன்றாகவே பொருந்தியது. அந்த முகம் அவனையே பார்த்தது. அதில் கோபம் இல்லை. காத்திருந்தது.

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"நாளைலேர்ந்து வர வேணாம்மா," என்றார் கலியாணசுந்தரம்.

"சரி சார்."

உப்புத்தாள் சுருளை மேசைமேல் வைத்தாள். போனாள். அப்போதும் கதவைச் சாத்திவிட்டுத்தான் போனாள், தூசி உள்ளே வராதபடி.

*

வீட்டுக்கு வந்து சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டான். வேண்டுமென்றே.

கை முழுக்க ஊசி குத்தியது. அம்மா வடிவாம்பாள் அவன் கையைப் பார்த்துவிட்டு, "பட்டுப் பக்கம் போவாதடா, இழையில பட்டுத் தொலைக்கப் போவுது," என்றாள். தன் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் போக லாயக்கில்லாத கை. அது சரியாகத்தான் பட்டது அவனுக்கு. பஞ்சாட்சரமோ அன்று மகன் தட்டில் தானே குழம்பு ஊற்றினார். "உன்மேல தப்பில்லன்னு சாருக்கே தெரியும், வுடு," என்றார். இத்தனை வருடங்களில் அப்பா அவனிடம் காட்டிய முதல் கனிவு. அது ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்திருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

அவளுக்கு அந்த ஒரு வார்த்தை இனிக் கிடைக்காது. அதைத் தின்றது தன் வாய்தான். பேசாமலேயே தின்றது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து அவன் தெருவுக்குள் நுழைந்தபோது, வெயில் ஏறும் முன்னால் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். தெருவின் நீளத்துக்கு மூங்கில் கால்கள்மேல் பச்சைப் பட்டு. அக்கம்பக்கத்தார் வரிசையாக நின்று இழைகளை நீவிக்கொண்டிருந்தார்கள். முனையில் பஞ்சாட்சரம், பாவு கட்டிய கழியை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை ஊன்றி இழுத்துக்கொண்டு நின்றார். அந்தக் கழியை விட்டால் பாவு மொத்தமும் சிக்காகிவிடும்.

ஜெயக்குமார் அவர் எதிரில் போய் நின்றான்.

"அப்பா. அந்த எறக்கையக் கெடுத்தது நாந்தான்."

பஞ்சாட்சரம் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கடைக்குப் போயிருந்துது. நான் தனியாத் தேச்சேன். நெசவு தெரிஞ்சா நல்லதுன்னு நெனச்சுத் தேச்சேன். சார் கேட்டப்ப ஊமையாட்டம் நின்னேன்."

நீவிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"கழிய வுட முடியாத நேரம் பாத்து வந்து சொல்றியா?"

"ஆமா. இல்லன்னா நீ கேக்காம போயிடுவ. நானும் பாதியில நிறுத்திடுவேன்." மூச்சு வாங்கினான். "நீ 'இவங்க'ன்னு சொன்ன பாரு... அது தப்புபா. அதக் கேட்டுக்கினு நான் நின்னது அதவுடத் தப்பு."

"அதுக்குத்தான் தூக்கத்த வுட்டுட்டு அங்க ஓடுனியா? அந்தப் பொண்ணுக்காகவா?"

தெரு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆமா."

பஞ்சாட்சரத்தின் கை தன்னையறியாமல் இறுகியது. எங்கோ நடுவில் ஒரு இழை அறுந்து சுருண்டது.

"இழை அறுந்துது. முடிச்சுப் போடு," என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"என் கையில கண்ணாடித் தூசி இருக்குது. ஆவாது."

வடிவாம்பாள் வந்து முடிச்சுப் போட்டாள். மகனைப் பார்க்கவில்லை. "போடா," என்று மட்டும் சொன்னாள், தாழ்ந்த குரலில். "சொல்ல வேண்டிய எடம் இன்னும் பாக்கி இருக்குதில்ல? போய்ச் சொல்லு."

கொட்டகையில் கலியாணசுந்தரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த இடத்தை மறுபடியும் விரலால் தடவிப் பார்த்தார். அவன் அடியை எதிர்பார்த்தான். கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் ஒரு வார்த்த கேக்கலியே," என்றார் கடைசியில். "யாரு தேச்சதுன்னு கேட்டிருக்கணும். கேக்காமயே அந்தப் பொண்ணுன்னு முடிவு கட்டிட்டேன்." சட்டையை மாட்டிக்கொண்டார். "நான் கூரத்துக்குப் போய் மன்னிப்பு கேட்டுக் கூப்புடறேன். வந்தா வரட்டும். உன் பங்க நீதான் பேசணும்."

*

அடுத்த நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஜெயக்குமார் தகரக் கூரைக்கு வெளியே நின்றிருந்தான். உள்ளே தேய்க்கும் எந்திரம் ஓடும் சத்தம். அவள் வந்திருக்கிறாள்... அறுந்த துணியைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து இடம் செய்கிறாள். புதுத் துணி வைத்து ரெசின் ஊற்ற வேண்டும்.

சத்தம் நின்றது. கதவு பாதி திறந்தது. முகமூடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சொன்னியாமே."

"சொன்னேன்."

"யார் முன்னாடி?"

"எங்கப்பா முன்னாடி. தெரு முன்னாடி."

"அவுரு என்ன சொன்னாரு?"

"இழை அறுந்துது, முடிச்சுப் போடுன்னாரு. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசல."

அவள் கண்ணோரம் லேசாகச் சுருங்கி, உடனே பழையபடி ஆனது.

"நான் ஏன் அன்னிக்கு வாயத் தொறக்கல தெரியுமா?" என்றாள். "நான் சொன்னா அந்த எடத்துல யாரு நம்புவாங்க? நீ சொன்னாத்தான் நம்புவாங்க. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தெரிஞ்சுக்கினே செருப்பப் பாத்துக்கினு நின்ன."

"ஆமா."

"தப்பாத் தேச்சது ஒண்ணுமில்லப்பா. ஒட்டு போட்டா சரியாப்போவும். நான் கோடு போட்டதோட வுட்டேன், அடியில துணி இருக்குதுன்னு சொல்லல. அதுல எம்மேலயும் தப்பு இருக்குது. ஆனா மத்தது..."

"அது ஒட்டுக்கு அடங்காது," என்றான் அவன்.

மழைத்துளி தகரத்தில் விழத் தொடங்கியது. அவள் அவன் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தன.

"சுடுதண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

"அரிக்குதா?"

"அரிக்குது."

"அரிக்கட்டும்."

அவன் தலை குனிந்தான். செருப்பு தெரிந்தது. உடனே நிமிர்ந்தான். இனி அதைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

"சிம்ரன்... எனக்கு உன்னப் புடிக்கும். மொத நாளு நீ கதவச் சாத்தச் சொன்னியே, அப்பலேர்ந்து. இத்தன நாளு கண்ண மட்டும்தான் பாத்தேன். மொகத்த மொத தடவ பாத்தது அன்னிக்குத்தான்... அந்த நேரம் பாத்து நான் தலையக் குனிஞ்சுக்கினேன். இதச் சொல்ல எனக்கு யோக்கியத இல்ல. ஆனா இதையும் சொல்லாம நின்னா அது திரும்பவும் அதே தப்பு."

அவள் மழையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். புருவத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூசியில் ஒரு துளி விழுந்து வழிந்தது.

"சிம்ரன்," கொட்டகையின் மறுகோடியிலிருந்து கலியாணசுந்தரம் கூப்பிட்டார். எதுவும் காதில் விழாதவர்போல் கப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். "ரெசின் சூடாவுதும்மா. இன்னும் கொஞ்ச நேரம் போனா கப்புலயே கல்லாயிடும்."

"தோ வரேன் சார்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அந்தக் கம்பெனிக்காரங்க இந்த ஒட்டு வேலையத்தான் வந்து பாக்கப்போறாங்களாம். இது நல்லா வந்தாத்தான் எனக்கு வேல. துணிய அந்தப் பக்கம் இழுத்துப் புடிக்க ஒரு ஆளு வேணும்."

காற்று திரும்பி, சாரல் கதவை நோக்கி வந்தது.

"உள்ள வரியா, வெளிய போறியா... ஒண்ணு பண்ணு."

உள்ளே வந்தான். ஆணியில் தொங்கிய கையுறையையும் ஒரு புது முகமூடியையும் எடுத்து அவன் நெஞ்சில் திணித்தாள். தன் முகமூடியை மேலே தூக்கப்போனவள், பாதியில் நிறுத்தினாள்.

"பாத்துக்க," என்றாள், சிரிக்காமல். "இதப் போட்டேன்னா சாயங்காலம் வரைக்கும் கண்ணு மட்டும்தான்."

அவன் பார்த்தான். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. முகம் சூடாகி, காது வரை சிவந்து, வெட்கத்தோடும் அவமானத்தோடும் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு நினைவு வந்து கதவைச் சாத்தத் திரும்பினான்.

"வுடு. நீ சாத்துனா எனக்கு நம்பிக்க இல்ல."

அவனைத் தாண்டிப் போய், மழை முழுவதும் வெளியே நிற்க, அவனுக்குப் பின்னால் அவளே கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டினாள்.